யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வாசனை

அன்று வெள்ளிக்கிழமை. வெயில் இறங்கிவிட்டது, தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. கேம்ப் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, எங்கள் சந்துக்குள் நடந்து, கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன். கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த என் மாமியார், நான் செருப்பைக் கழற்றுவதற்குள் சட்டென்று எழுந்து நின்றார். மடியில் இருந்த கீரை மொத்தமும் தரையில் கொட்டியது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேகர் வந்திருக்கான் கலா," என்றார்.

சேகர் என் கணவர். மாமியாருக்கு ஒரே மகன். இறந்து அப்போது அரை வருஷம் ஆகியிருந்தது.

"மல்லி வாசனை அடிக்குது பாரு. இன்னிக்கி வெள்ளிக்கிழமைதானே? பூ வாங்கிட்டு வந்திருக்கான்."

அந்த வாசனை என் கழுத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கைப்பையில், கைக்குட்டைக்குள் சுருட்டி, ஒரு சின்ன அத்தர் பாட்டில் வைத்திருந்தேன். சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் குனிந்து, கொட்டிய கீரையை அள்ளத் தொடங்கினேன்.

இந்தத் தொடரில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக இரண்டே வரி. சேகர் மஞ்சள் காமாலையில் போனார். மழைக்காலத்தில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பொங்கல் கழிந்ததும் காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி ஆபீஸில் எனக்கு வேலை கிடைத்தது. எனக்குக் குழந்தை இல்லை. சேலையூர் வீட்டில் நானும் மாமியாரும் மட்டும்தான். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

கூப்பிடாத பூக்காரி

எனக்குப் பூ என்றால் உயிர். கல்யாணத்துக்கு முன்னால் என் அண்ணன் என்னை நடமாடும் பூக்கடை என்று கிண்டல் செய்வான். ஜாதி, முல்லை, கதம்பம், எதுவும் கிடைக்காத நாளில் டிசம்பர் பூ. வெறுந்தலையாக வெளியே போனதாக எனக்கு ஞாபகமே இல்லை.

சேகர் கிண்டியில் வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமைதோறும் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி, கிழக்குப் பக்கம் பஸ் ஸ்டாப்பில் மங்கா என்கிற பூக்காரியிடம் மல்லி வாங்கி வருவார். வாழை இலையில் கட்டிய பொட்டலம். அதை அத்தைதான் வாசலிலேயே கை நீட்டி வாங்குவார். பிரித்து, தண்ணீர் தெளித்து, சாமி படங்களுக்குக் கிள்ளி வைத்துவிட்டு, மீதியை எனக்குத் தருவார். அத்தை புருஷனை இழந்து பல வருஷம் ஆகியிருந்தது. தனக்கென்று ஒரு கண்ணிகூட எடுத்துக்கொள்ள மாட்டார். ஆனால் பொட்டலத்தைப் பிரிக்கிற வேலையை என்னிடம் விட்டதே இல்லை. அது ஏன் என்று அப்போது நான் யோசித்தது கிடையாது.

சேகரின் காரியத்தன்று எனக்குத் தலை கொள்ளாமல் பூ வைத்தார்கள். அத்தனை பூவை என் கல்யாணத்தன்றுகூட நான் வைத்ததில்லை. கழுத்து வலித்தது. நெற்றி நிறையக் குங்குமம், கை நிறைய வளையல். சுற்றி நின்று எல்லோரும் அழுதார்கள். அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பூவை எடுத்த கை யாருடையது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. வாசனை மட்டும் அன்று முழுக்கப் போகவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகும் ஈர முடியில் மல்லி வாசனை அடித்துக்கொண்டே இருந்தது.

அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். வேலைக்குப் போகிற முதல் நாள், "சின்னதா ஒரு கருப்புப் பொட்டு வச்சிக்கிட்டுப் போ, பாழ் நெத்தியோட போகாத," என்று அவரேதான் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்துக் கொடுத்தார். கலர் புடவை கட்டச் சொன்னார். பூவைப் பற்றி மட்டும் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

தினமும் காலையில் மங்காவைத் தாண்டித்தான் ஸ்டேஷனுக்குள் போக வேண்டும். அவள் குரல் அந்த பஸ் ஸ்டாப்புக்கே கேட்கும். "இன்னாக்கா, மல்லி சோக்கா கீது, ரெண்டு மொழம் போடட்டா?" என்று போகிற வருகிற எல்லாப் பெண்களையும் கூப்பிடுவாள். நான் வேலைக்குப் போன முதல் நாள், பழக்க தோஷத்தில் என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள். என் கழுத்தைப் பார்த்தாள். கை அப்படியே இறங்கிவிட்டது. அதற்கப்புறம் நான் வந்தால் குனிந்து பூ கட்டுகிற மாதிரி இருந்துவிடுவாள். நான் தாண்டிப் போன பிறகு முதுகுக்குப் பின்னால் மறுபடி குரல் ஆரம்பிக்கும்.

எனக்குக் கோபம் கொஞ்சம் மூக்குக்கு மேல் வரும். ஒரு நாள் நின்று கேட்டே விட்டேன்.

"என்ன மங்கா, என்னை மட்டும் கூப்பிட மாட்டேங்கற?"

"இன்னாத்துக்குக்கா கூப்டறது? உன் மன்சு பேஜாராப் பூடும்," என்றாள். சொல்லும்போது அவள் கண் கலங்கிவிட்டது. நல்லவள்தான். அவள் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

"உங்கள்ல எவ்வளவு நாள்?"

சித்திரை வெயில் ஆரம்பித்தது. காலை ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறினால் இறங்குவதற்குள் ஜாக்கெட் நனைந்துவிடும். ஆபீஸில் கட்டணம் வாங்குகிற கவுண்டர் என்னுடையது. மின்விசிறி ஒன்றுதான், அதுவும் கரண்ட் இருந்தால். பூ இருந்த காலத்தில் என் வியர்வை எனக்குத் தெரிந்ததே இல்லை. இப்போது தெரிந்தது. கழுத்தில் பவுடர் போட்டுக்கொண்டு போனால் பதினோரு மணிக்கு அது களியாகிவிடும்.

கல்லூரிப் பையன்கள் விதவிதமாக ஸ்பிரே அடித்துக்கொண்டு வருவார்கள். நாலு பேர் சேர்ந்து கவுண்டர் முன்னால் நின்றால் எனக்குத் தும்மல் வரும். நானும் ஒரு தடவை கேம்ப் ரோட்டில் புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட்டில் ஒரு டப்பாவை எடுத்து விலையைப் பார்த்துவிட்டு, அது சுடுகிற மாதிரி திரும்ப வைத்துவிட்டு வந்தேன். அந்தக் காசுக்கு வீட்டுக்கு இரண்டு வாரம் பால் வாங்கலாம்.

எனக்குப் பக்கத்து மேஜை நூர்ஜகான் அக்கா. பம்மலிலிருந்து வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதிர்ந்து பேச மாட்டார். வந்ததும் தன் பர்தாவைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டுவார். மின்விசிறி திரும்பும்போதெல்லாம் அதிலிருந்து லேசாக ஒரு வாசனை வரும். காட்டமாக இருக்காது, இருப்பதே சில சமயம் தெரியாது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பற்றிக் கேட்டேன்.

"அத்தர் கலா. நான் வெளியில போகும்போது பூசறதில்ல. வீட்டுல பூசிக்கிறது துணியில ஒட்டிக்கிட்டு வருது போல," என்று சிரித்தார். "என் கொழுந்தன்தான் பம்மல்ல கடை வச்சிருக்கார். உனக்கும் ஒண்ணு வாங்கித் தரவா? விலையெல்லாம் ஜாஸ்தி இல்ல. பொட்டு வச்சா போதும், சாயங்காலம் வரைக்கும் நிக்கும்."

"எனக்கு எதுக்குக்கா அதெல்லாம்," என்றேன். அந்த மாதிரி சொல்லத்தான் எனக்குப் பழகியிருந்தது.

அவர் சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"எங்கள்ல புருஷன் மௌத்தானா இத்தா இருக்கணும். நாலு மாசம் பத்து நாள். அது வரைக்கும் அத்தர், பூ, நகை எதுவும் கூடாது. அது முடிஞ்சா பூசிக்கலாம். ஊர்ல நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க, ஆனா சட்டம் அவ்வளவுதான். உங்கள்ல எவ்வளவு நாள் கலா?"

அவர் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். எங்களுக்கும் ஒரு கணக்கு இருக்கும், அது முடிவதற்காக நான் காத்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்.

"எங்கள்ல நாள் கணக்கு இல்லைக்கா," என்றேன்.

நூர்ஜகான் அக்கா டிபன் பாக்ஸை மூடினார். அன்று மத்தியானம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. எனக்கு அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை. முடிவே இல்லாத ஒரு தண்டனையை யாரும் என்னிடம் வாயால்கூடச் சொல்லாமல், நானும் கேட்காமல், தலையில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணிக்கு நானே அவர் மேஜைக்குப் போய், "கடைக்கு என்னைக்குப் போகலாம்?" என்று கேட்டேன்.

பம்மல் கடை

வியாழக்கிழமை சாயங்காலம் போனோம். பல்லாவரத்தில் ரயிலை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோ. பம்மல் நெருங்கும்போதே தோல் பதனிடுகிற வாடை வந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். அங்கேயே இருக்கிறவர்களுக்கு அது தெரிவதில்லை. அந்த வாடைக்கு நடுவில் ஓர் அத்தர் கடை.

சின்னக் கடைதான். ஒரு பக்கம் தொப்பி, தஸ்பீஹ் மணி, ஊதுபத்தி. இன்னொரு பக்கம் கண்ணாடி அலமாரியில் அத்தர் பாட்டில்கள். நூர்ஜகான் அக்காவின் கொழுந்தன் சலீம் பாய் மூடியைத் திறந்து, அதில் ஒட்டியிருக்கும் கண்ணாடிக் குச்சியால் என் புறங்கையில் ஒரு பொட்டு வைத்தார். நான் உடனே தேய்க்கப் போனேன்.

"தேய்க்காதம்மா, தேய்ச்சா போச்சு. இப்பவே எப்படி இருக்குன்னும் சொல்லாத. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போயிட்டு வந்து சொல்லு. ஒடம்பு சூட்டுல ஊறினாத்தான் அது இன்னான்னு தெரியும்."

அவர் வாடிக்கையாளர்களை எல்லாம் அப்படித்தான் நடக்க விடுவாராம். தெருவில் இரண்டு மூன்று பேர் புறங்கையை மோந்துகொண்டே போய் வருவதைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனை நாளாயிற்று என்றும் தோன்றியது.

ஆனால் நான் நடக்கவில்லை. எனக்கு எது வேண்டும் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே தெரியும்.

"மல்லி இருக்கா பாய்?"

இருந்தது. உருட்டிப் பூசுகிற மாதிரி மூடி போட்ட சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். விலை, சேகர் வாங்கி வந்த இரண்டு வெள்ளிக்கிழமைப் பூவின் விலைதான்.

வாசலைப் பார்த்த கண்கள்

மறுநாள் காலையில் வீட்டில் பூசப் பயமாக இருந்தது. ஆபீஸ் போய்ப் பூசிக்கொண்டேன். காதுக்குப் பின்னால் இரண்டு பக்கமும், கழுத்தில் ஒரு கோடு. சாயங்காலம் கிளம்பும்போது இன்னொரு தடவை. ஆசை அடங்கவில்லை.

தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் மூச்சை இழுத்தார். என் பின்னந்தலையைப் பார்த்தார். பூவைக் காணவில்லை. குனிந்து என் தோளில் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். கடைசியில் தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டைக் கடித்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன். அப்போதுதான் அத்தை எழுந்து நின்றார்.

சேகரின் காரியம் முடிந்ததிலிருந்து எங்கள் வீட்டுக்குள் மல்லி வந்ததில்லை. சாமி படத்துக்குக்கூடக் கொல்லையில் பூக்கிற செம்பருத்திதான். அதனால் அத்தை நினைத்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வருஷம் திரும்புகிற வரைக்கும் போனவர்கள் வீட்டைச் சுற்றி வருவார்கள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மகன் உயிரோடு இருந்தவரை வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் வந்த வாசனை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் வந்திருக்கிறது. அவர் வேறு என்ன நினைப்பார்?

கூடத்தில் மாட்டியிருந்த சேகர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி உட்கார்ந்து அழுதார். ஆனால் அந்த அழுகை வேறு மாதிரி இருந்தது. அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, "பசிக்குது கலா," என்றார். ஆறு மாதத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. தோசையை இன்னொன்று போடச் சொல்லிச் சாப்பிட்டார். நான் குளியலறைக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுத்தைத் தேய்த்தேன்.

தேய்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. அத்தை மேல் இல்லை. சேகர் மேலும் இல்லை. சேகர் நல்ல மனுஷன். அவரை நினைத்து நான் அழாத நாள் இல்லை. ஆனால் என் காசில் வாங்கி, என் கழுத்தில் நான் பூசிக்கொண்ட வாசனைக்கும் அவர்தான் சொந்தக்காரரா? எனக்கென்று ஒன்றே ஒன்று, அதுகூட அவர் பேரில் போய்விட்டதே என்று அழுகையாக வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை

ஒரு வாரம் பாட்டிலைத் திறக்கவில்லை. அத்தை அதற்குள் மேல்வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டார். செங்கல்பட்டில் இருந்த என் நாத்தனார் வசந்தாவுக்கும் போன் போட்டுச் சொல்லியாயிற்று.

வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது கூடம் கழுவி, கோலம் போட்டு, படத்துக்கு முன்னால் இலை விரித்திருந்தது. உளுந்து வடை, சேமியா பாயசம். சேகருக்குப் பிடித்தவை. வாசக் கதவை அகலத் திறந்து வைத்து, அத்தை அதற்கு நேராகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"உள்ள வா. கதவச் சாத்தாத," என்றார்.

நான் கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு டிவியில் செய்தி முடிந்து சீரியல் ஆரம்பித்தது. அத்தை அசையவில்லை.

"சாப்பிடலாமா அத்தை?"

"அவன் வரட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து அவரே தாழ்ந்த குரலில், "போன வாரம் வந்தானே. நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா? சுத்தபத்தமா இல்லையோ?" என்றார்.

அதைக் கேட்டு என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து குளியலறைக்குப் போனேன். கைப்பையும் கூடவே வந்திருந்தது. பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினேன். ஒரு கோடு போட்டுக்கொண்டு கூடத்தைத் தாண்டி நடந்தால் போதும். அத்தை சாப்பிட்டுவிடுவார். அப்புறம் அதற்கடுத்த வெள்ளிக்கிழமை? அதற்கும் அடுத்தது? அவர் இருக்கிற வரைக்கும் நான் வாரா வாரம் செத்துப்போன புருஷனாக அந்த வாசலில் நுழைந்துகொண்டே இருக்க வேண்டும். என்னால் முடியாது என்று தோன்றியது. தன் சுத்தத்தையே சந்தேகப்பட்டுக்கொண்டு ஒரு தாய் அங்கே உட்கார்ந்திருப்பதையும் பார்க்க முடியாது.

திரும்பி வந்து பாட்டிலை அத்தையின் உள்ளங்கையில் வைத்தேன்.

"என்னது இது?"

"அத்தர். நான்தான் வாங்கினேன். போன வாரம் அதைப் பூசிக்கிட்டுத்தான் வந்தேன் அத்தை."

அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடி மோந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அப்ப அவன் வரலையா?" என்றார்.

"வரலை அத்தை."

"அன்னிக்கும் வரலையா?"

"இல்லை."

அவர் எழுந்து போய் வாசக் கதவைச் சாத்தினார். அதைப் பார்த்ததும் நான் உடைந்து அழுதேன்; சேகரின் உடம்பை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அப்படி அழவில்லை. அத்தை அழவில்லை. இலையில் இருந்த வடையை எடுத்து என் தட்டில் வைத்தார். தான் ஒன்றும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

பூ இல்லை, வேர்

அதற்கப்புறம் ஒரு வாரமோ பத்து நாளோ அத்தை என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. "பால் பொங்குது", "கேஸ் தீரப்போகுது" என்கிற அளவில்தான். அத்தரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாட்டிலும் அவரிடமே இருந்தது. நான் திருப்பிக் கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள் காலையில் சாமி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னார். "இதை அவன் படத்துக்கிட்ட வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை மூடியத் திறந்து கொஞ்ச நேரம் வைப்பேன். அவன் வரமாட்டான்னு எனக்குத் தெரியும். வாசனையாவது இருந்துட்டுப் போகட்டும்."

"வச்சிக்குங்க அத்தை," என்றேன்.

"நீ வேற வாங்கிக்க," என்றார். துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். காதில் விழுந்தது சரிதானா என்று நான் நின்றேன். அவர் அடுத்த படத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

மறுபடி பம்மல். நூர்ஜகான் அக்காவும் வந்தார். மல்லி இனி அத்தையுடையது. சலீம் பாய் ரோஜாவை எடுத்தார். மோந்ததும் சேகர் மேல் போட்ட மாலை ஞாபகம் வந்தது. வேண்டாம் என்றேன். சந்தனம் வைத்தார். அது என் கல்யாண வரவேற்பில் வாசலில் வைத்த கிண்ணம். வேண்டாம். மரிக்கொழுந்து, கோயில் பூசாரி. ஜவ்வாது, சேகரின் பெரியப்பா சட்டை. ஒவ்வொரு வாசனைக்கும் ஏற்கெனவே ஒரு ஆள் இருந்தது. முழங்கை வரைக்கும் பொட்டு வைத்தாயிற்று.

"இன்னாம்மா, எல்லாத்துக்கும் ஒரு கதை சொல்ற," என்றார் சலீம் பாய்.

"யாருமே இல்லாததா ஒண்ணு குடுங்க பாய்," என்றேன்.

அவர் நூர்ஜகான் அக்காவைப் பார்த்தார். அக்கா, "வெட்டிவேர் போட்டுப் பாருங்களேன்," என்றார்.

இன்னொரு கையில் ஒரு பொட்டு. முதலில் ஈரச் சாக்கு மாதிரி இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் இந்தத் தடவை சொன்னபடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். டீக்கடை, சைக்கிள் கடை, செருப்புக்குத் தோல் வெட்டுகிற பட்டறை. திரும்பி வரும்போது கையைத் தூக்கி மோந்தேன். குளிர்ச்சியாக இருந்தது. மண்ணும் தண்ணீரும் மாதிரி. வெயில் காலத்தில் பானைத் தண்ணீரில் போடுகிற வேர்தானே. வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லாரும் குடிக்கிற தண்ணீர் அது. அதில் தனியாக யார் முகமும் இல்லை. நான் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

அப்புறம் இன்னொன்றும் தோன்றியது. பூவுக்குத்தான் தடை. வேருக்கு யாரும் தடை போட்டதாக எனக்குத் தெரியவில்லை. என் குதர்க்கத்தை நினைத்து நானே சிரித்துக்கொண்டேன்.

விலை மல்லியைவிடவும் குறைவு. சின்ன பாட்டில் இரண்டு மாதம் வந்தது. அன்றிலிருந்து தினமும் அதுதான். ரயிலில் மற்றவர்களுக்குத் தெரியாது. நான் குனியும்போது எனக்கு மட்டும் தெரியும். அத்தை எதுவும் கேட்கவில்லை. காலையில் நான் பூசிக்கொள்ளும்போது அந்தப் பக்கம் வந்தால் பார்க்காத மாதிரி போய்விடுவார். அவருக்குப் பிடிக்கவில்லை, பொறுத்துக்கொள்கிறார் என்றுதான் நினைத்தேன்.

தெவசத்தன்று

மழை வந்தது. சேகரின் முதல் வருஷத் தெவசமும் வந்தது. வசந்தா முந்தின நாளே வந்துவிட்டாள். பெரியப்பா வீட்டிலிருந்து நாலைந்து பேர். ஐயர் வந்து காரியம் முடித்துவிட்டுப் போனார். சமையலுக்குக் காய் நறுக்கப் பெண்கள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம்.

அன்று பூசிக்கொள்வதா வேண்டாமா என்று காலையில் யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வதுகூடப் பொய். தலைக்குக் குளித்துவிட்டு வந்ததும் கை தானாகப் போய்விட்டது.

வாழைக்காய்த் தட்டை வாங்குவதற்காக என் பக்கம் சாய்ந்த வசந்தா நிமிர்ந்தாள்.

"அண்ணி, சென்ட் போட்டிருக்கீங்களா?"

அவளுக்கு எப்போதுமே குரல் பெரிது. கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. பெரியம்மா என் தலையைப் பார்த்தார், அப்புறம் கழுத்தை. சோப்பு வாசனை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். மறுநாளே அந்த பாட்டிலை நானே தூக்கிப் போட்டிருப்பேன்.

"ஆமாம் வசந்தா," என்றேன்.

"இன்னிக்கிப் போயா அண்ணி? அண்ணன் தெவசத்தன்னிக்கா? யாருக்குப் போட்டுக்கிட்டுப் போறாங்கன்னு நாலு பேர் கேட்க மாட்டாங்க?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. எழுந்து உள்ளே போய்விடலாம் என்று தரையில் கை ஊன்றினேன்.

அரிவாள்மனையில் உட்கார்ந்திருந்த அத்தை தலையைத் தூக்காமல் வாழைக்காயின் தோலைச் சீவிக்கொண்டே சொன்னார்.

"அவ மேல இருக்கறது அவளுக்குடி. என் புள்ளைக்கு நான் தனியா வச்சிருக்கேன்."